வெசெலா என்ற பெயரில்

வெசெலா தோன்சேவா என்று ஒரு பெண் உலகத்தில் கிடையாது. டான்யூப் நதிக்கரையில் இருக்கிற எங்கள் ரூசே ஊரின் பேருந்து நிலையத்தில், சீட்டு ஜன்னலுக்குப் பின்னால், ஒரு மத்தியான வேளையில் நானும் ருமியானாவும் சேர்ந்து அவளை உண்டாக்கினோம். பெயர் வைத்தது நான். அதனால் பிறகு நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

ருமியானாவும் நானும் பதினெட்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து ஜன்னல்கள். அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது, தனிக்கட்டை. அவளுடைய இருபத்தைந்தாவது வயதில் அம்மா இறந்துபோனாள். அப்போது தங்கை நெவெனாவுக்கு ஒன்பது வயது. அப்பாவோ எப்போதும் டான்யூப் நதிப் படகுகளிலேயே கிடந்த மனிதர். ஆக, தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, காய்ச்சலில் கண் விழித்தது எல்லாம் ருமியானாதான். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒருவன் வந்தான். "இவளும் கூட வருவாள்" என்று தங்கையைக் காட்டினாள். அவன் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை.

நெவெனா இருபத்திரண்டு வயதில் ஒருவனை நம்பி ஏமாந்தாள். மனம் உடைந்து மூன்று மாதம் மனநல மருத்துவமனையில் இருந்தாள். அது அக்கா, தங்கை இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். பிறகு தேறி, படித்து, மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிளாமென் என்ற கப்பல் எஞ்சினியரைக் கட்டிக்கொண்டு கடற்கரை ஊரான வார்னாவுக்குப் போனாள். சியானா பிறந்தாள். குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததற்கு விருந்து வைத்தார்கள். அன்று சமையலறையில், பிளாமெனின் அம்மாவிடம் ருமியானா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்: "அவளைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. உங்க பையன் கப்பலுக்குப் போயிட்டா தனியா இருப்பா. முன்னாடி ஒரு தடவை மூணு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தவ."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் கேக் வெட்டுவதற்குள் அது மேஜையைச் சுற்றி வந்துவிட்டது. நெவெனா அக்காவின் கோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "என் வாழ்க்கையை நீ ஊருக்குப் படிச்சுக் காட்டினது போதும்" என்றாள். அதற்குப் பிறகு தொலைபேசி எண்ணை மாற்றினாள், வீட்டை மாற்றினாள். சமூக வலைத்தளத்தில் ருமியானாவைத் தடுத்துவைத்தாள்.

நாலு வருஷம் கழித்து ஒருநாள், என் கைபேசியில் எதையோ தேடும்போது நெவெனாவின் பக்கம் கண்ணில் பட்டது. எல்லாரும் பார்க்கும்படி ஒரு படம். முன்பல் இல்லாத ஒரு சின்னப் பெண் தர்பூசணித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ருமி, இது யாருன்னு பாரு."

கைபேசியை வாங்கினவள் திருப்பித் தரவில்லை. ரஸ்கிராத் போகிற ஒரு கிழவர் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அம்மா, எனக்கு வண்டி போயிடும்!"

"போகட்டும்" என்றாள் ருமியானா, தலையை நிமிர்த்தாமலே.

அன்றுதான் வெசெலா பிறந்தாள். அந்தப் பெயரில் ஒரு கணக்கு திறந்து, என் பால்கனி ஜெரேனியம் பூந்தொட்டிகளைப் படம் எடுத்து முகப்பில் வைத்தோம். நெவெனா பால்கனித் தோட்டக்காரர்களின் குழு ஒன்றில் இருந்தாள். வெசெலாவும் அதில் சேர்ந்தாள். இலைப்பேனுக்குச் சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொல்லி இரண்டு பதில் எழுதினாள். பிறகு நட்பு அழைப்பு அனுப்பினாள். இரண்டே நாளில் நெவெனா ஏற்றுக்கொண்டாள். கூடப் பிறந்தவளுக்குச் சாத்திய கதவை, ஜெரேனியம் படத்துக்குத் திறந்துவிட்டாள்.

முதலில் ருமியானா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சியானாவின் முதல் பள்ளி நாள், அம்மை போட்டது, பனியில் சறுக்கி விழுந்தது எல்லாம் அந்தப் பக்கத்தில் வரும். அப்புறம் நெவெனாவே தனியாக எழுத ஆரம்பித்தாள். பிளாமென் கடலில் இருக்கும் மாதங்களில் அவளுக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது. வெசெலா அவசரப்படாமல் கேட்பாள், புத்தி சொல்லமாட்டாள். சொந்த அக்காவாக இருந்தபோது ருமியானாவுக்கு அது ஒருநாளும் முடிந்ததில்லை.

ஒருநாள் வேலை நடுவில் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஸ்லாவ்கா, அவ என்னை அக்கான்னு கூப்பிட்டிருக்கா."

பார்த்தேன். 'வெசெலாக்கா, உங்ககிட்ட எழுதினா மனசு லேசாகுது' என்று இருந்தது.

"உன்னை இல்லடி. வெசெலாவை."

"தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு அவளைப் பாத்தா பொறாமையா இருக்கு" என்றாள்.

"யாரை?"

"வெசெலாவை."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

போன அக்டோபரில் பல்வலி என்று ஒருநாள் விடுப்பு எடுத்தாள். பல் டாக்டரிடம் போகவில்லை, வார்னாவுக்குப் போயிருக்கிறாள். இரண்டு வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். நெவெனா ஒரு தடவைகூடத் தன் விலாசத்தை எழுதியதில்லை. ஆனால் பால்கனிப் படம் ஒன்றில் எதிர்க் கட்டடத்தின் எண் தெரிந்தது, கீழே மருந்துக் கடையின் பச்சைச் சிலுவை தெரிந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் சியானா மஞ்சள் தொப்பியோடு நீச்சல் குளத்தில் நிற்கும் படம் வரும். பின்னால் சுவரில் பெரிய கடிகாரம். வார்னாவில் அப்படிக் கடிகாரம் வைத்த குளம் ஒன்றுதான். மணி ஐந்து இருபது. இவ்வளவும் போதுமாக இருந்தது.

"குளத்து வாசல்ல நின்னேன். பத்தடியில சியானா என்னைக் கடந்து போனா. தலை ஈரம். கையில எள்ளு ரொட்டி."

"பேசினியா?"

"எப்படிப் பேசறது? குளோரின் வாசனை மட்டும் வந்துச்சு. அதோட அடுத்த வண்டியில ஏறிட்டேன்."

அன்று எனக்கு அவள் மேல் இரக்கம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு குழந்தையிடம் போய்ச் சேர முடிகிறதே என்று எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கும்தான்.

ஜனவரியில் பிளாமென் மறுபடி கப்பலேறினான். வாசலில் பெட்டி நிற்கிற படத்தைப் போட்டு, 'நாலு மாசம். இனி நாங்க ரெண்டு பேர் மட்டும்' என்று எழுதினாள் நெவெனா. அதன் கீழே ஸ்டானிமிர் கோலெவ் என்று ஒருவன் பதில் போட்டான்: 'பிளாமென் இருக்கற கப்பலுக்குக் கவலையே இல்ல. நான் அவனோட ரெண்டு தடவை போயிருக்கேன்.' நாலைந்து நாளில் அவன் எல்லாப் படத்துக்கும் பதில் போட ஆரம்பித்தான். நல்ல மரியாதையாகத்தான் எழுதினான். நடுநடுவே ஒரு கேள்வி இருக்கும். 'சியானா எந்தக் குளத்துல நீந்தறா? என் பொண்ணையும் சேர்க்கணும்.' 'வாசக்கதவு புதுசு போல, யார் போட்டுக் குடுத்தா?' 'உங்களுக்குக் கடையில ராத்திரி முறை உண்டா?'

ருமியானா அவன் பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டினாள். பெயர் தெரியாத ஒரு கப்பல் படம். கணக்கு திறந்து நாலு மாசம். மகளுடைய படம் ஒன்றுகூட இல்லை. நண்பர்கள் அறுபது பேர். அத்தனை பேரும் பெண்கள். அத்தனை பேரும் வார்னாவிலும் புர்காஸிலும் இருக்கிற கப்பல்காரர்களின் மனைவிமார்.

"இவன் பொய்யான ஆளு, ஸ்லாவ்கா."

"எப்படிச் சொல்ற?"

"நான் அப்படித்தானே இருக்கேன்? இவன் கேக்கற கேள்வி எல்லாம் நான் மனசுக்குள்ள கேட்ட கேள்விதான். நான் ஏக்கத்துல கேட்டேன். இவன் எதுக்குக் கேக்கறான்?"

பாம்பின் கால் பாம்பறியும். அவள் முகம் வெளுத்திருந்தது.

வெசெலாவாகவே எழுதிப் பார்த்தாள். அந்த ஆளை நம்பாதே, அவன் கணக்கே சரியில்லை என்று. உடனே பதில் வந்தது.

'அய்யோ வெசெலாக்கா, நீங்க எல்லாத்துக்கும் பயப்படறீங்க. எங்க அக்கா மாதிரியே.'

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நெவெனா அக்காவைப் பற்றிப் பேசுகிறாள். ருமியானா உடனே, 'உனக்கு அக்கா இருக்காங்களா?' என்று எழுதினாள். பதிலுக்கு வெகுநேரம் காத்திருந்தோம். சோஃபியா வண்டிக்கான கூட்டத்தை நான் ஒருத்தியே சமாளித்தேன்.

'இருந்தாங்க. என்னை வளர்த்தவங்க. சில நாள் கூப்பிட்டுப் பேசணும்போல இருக்கும். எண் ஞாபகத்துலதான் இருக்கு. அப்புறம் அன்னைக்கு நடந்தது நெனப்பு வந்துடும், வெச்சிடுவேன்.'

ருமியானா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நான்தான் சொன்னேன்:

"இன்னும் கொஞ்ச நாள் வெசெலாவாவே இரு. மெல்ல மெல்ல அவ மனசைக் கரை. இந்த வருஷத்துக்குள்ள அவளே உன்னைக் கூப்பிடுவா."

"கூப்பிடுவா இல்ல?" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பயணிகளிடம்கூடச் சிரித்துப் பேசினாள்.

பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை நெவெனா வெசெலாவுக்கு எழுதினாள்: 'செவ்வாய்க்கிழமை எனக்குக் கடையில லேட் ஆகும். ஸ்டானிமிர் தன் பொண்ணைக் கூட்டிட்டு வரும்போது சியானாவையும் வீட்ல விட்டுடறேன்னார். பாருங்க, நீங்க வீணா சந்தேகப்பட்டீங்க. நல்ல மனுஷன்.'

ருமியானா என் வீட்டுக்கே ஓடி வந்தாள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"வேண்டாம்னு எழுது" என்றேன்.

"எழுதிட்டேன். சிரிக்கறா. எப்படித் தெரியும்னு கேக்கறா. நானும் அவனை மாதிரி பொய்யான ஆளுதான்னு சொன்னாதான் நம்புவா."

"அதை எழுதினா உன்னைத் தடுத்துட்டுப் போயிடுவாளே. மிச்சத்தைப் படிக்கவே மாட்டா."

"அதான் நேர்ல போறேன்."

"ருமி, நல்லா யோசி. போனா எல்லாம் போச்சு. வெசெலாவும் போயிடுவா."

"போகட்டும்" என்றாள்.

மறுநாள் வேலை முறையை மாற்றிக்கொண்டு நானும் கூடப் போனேன். காலை ஆறரை வண்டி. ஓட்டுநர் எங்கள் ஆள். "ரெண்டு பேரும் கல்யாணத்துக்கா?" என்று கேலி செய்தார்.  ஷூமெனில் வண்டி நின்றபோது, மார்ச் முதல் தேதி நலம் வேண்டிக் கையில் கட்டுகிற சிவப்பு வெள்ளைக் கயிறுகள் கடை கடையாகத் தொங்கின. ருமியானா இறங்கிப் போய்க் குழந்தைக் கைக்கு ஒன்று வாங்கி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கடைசிவரை அதை வெளியே எடுக்கவில்லை.

வார்னாவில் நெவெனாவின் வீடு நாலாவது மாடி. நான் அரை மாடி கீழேயே நின்றுகொண்டேன். மணி அடித்தாள். நெவெனா திறந்தாள். தலையில் துண்டு சுற்றியிருந்தது.

"நீயா?"

"உள்ள வரல. ரெண்டு நிமிஷம்."

"இந்த விலாசத்தை உனக்கு யார் குடுத்தா?"

"நீதான்."

"நானா? ஆறு வருஷமா உன்கிட்ட ஒரு வார்த்தை பேசல நான்!"

"என்கிட்ட இல்ல. வெசெலாகிட்ட."

நெவெனாவுக்குப் புரியவில்லை. "வெசெலாக்காவை உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"நான்தான்டி வெசெலா."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டே செருப்பு வைக்கிற பலகை மேல் உட்கார்ந்துவிட்டாள். துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது.  மேல் மாடியில் யாரோ கம்பளத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நான் எழுதினது எல்லாத்தையும் படிச்சியா? பிளாமெனைப் பத்தி எழுதினது? அழுதுக்கிட்டே எழுதினது?"

"படிச்சேன்."

"வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு. அதைப் பத்தி எவ்வளவு வேணா திட்டு. முதல்ல இதைக் கேளு. நாளைக்கு சியானாவைக் கூட்டிட்டுப் போக வர்றானே, அவனை நீ ஒரு தடவையாவது நேர்ல பாத்திருக்கியா?"

"பிளாமெனோட சிநேகிதர் அவரு."

"பிளாமென் சொன்னானா?"

நெவெனா தோளில் கிடந்த துண்டை இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அக்டோபர்ல ஒரு செவ்வாய்க்கிழமை நான் அந்தக் குளத்து வாசல்ல நின்னேன். அஞ்சரை மணிக்கு வந்தா. மஞ்சத் தொப்பி, எள்ளு ரொட்டி. கைய நீட்டினா தொட்டிருப்பேன். யாரும் எனக்கு வழி சொல்லல, கண்ணு. நீ போட்ட படம் சொல்லுச்சு. கடிகாரம் நேரத்தைச் சொல்லுச்சு. உன் பால்கனி வீட்டைச் சொல்லுச்சு. பிளாமென் இல்லன்னு நீயே சொன்ன. ஒரு டிக்கெட் விக்கற பொம்பளைக்கு இவ்வளவு தெரிஞ்சா, அவனுக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கும்? நான் தொடாம வந்துட்டேன். எல்லாரும் தொடாம வருவாங்களா?"

நெவெனா எழுந்தாள். அப்போதுதான் படிக்கட்டில் என்னைப் பார்த்தாள்.

"இவங்க யாரு?"

"நான் ஸ்லாவ்கா" என்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "அந்த ஜெரேனியம் என்னோடது" என்றேன்.

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அக்காவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"எனக்குப் பேசறதுக்கு ஒரே ஒருத்தங்க இருந்தாங்க. அவங்களையும் நீ கொன்னுட்ட."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் போடுகிற சத்தம் கேட்டது. இரண்டு தாழ். ருமியானா அந்தச் சத்தம் முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள். "ரெண்டும் போட்டா" என்றாள் என்னிடம்.

நெவெனா மறுநாள் கடைக்குப் போகவில்லை, சியானாவைக் குளத்துக்கும் அனுப்பவில்லை. கப்பலுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டாள். அப்படி ஒரு ஆளைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று பிளாமென் பதில் எழுதினான். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போதைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: புதன்கிழமை காலை ருமியானா கைபேசியைத் திறந்தபோது நெவெனாவின் பக்கம் இல்லை. வெசெலாவுக்கும் கதவு சாத்தியாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்துப் புர்காஸில் ஒரு கப்பல்காரர் வீட்டில் திருட்டு நடந்தது. அவருடைய மனைவி தன் பிள்ளையின் நடன நிகழ்ச்சிக்குப் போயிருந்த நேரம். நிகழ்ச்சி எந்த நாள், எத்தனை மணிக்கு, சாவி எந்த அண்டை வீட்டில் இருக்கும் என்பதெல்லாம் ஸ்டானிமிருக்கு அவளே எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு மனைவிமார் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேச, அறுபது பேருக்கும் அவன் ஒரே மாதிரி எழுதியது தெரிந்தது. அவனுடைய கணக்கு அதற்குள் மறைந்துவிட்டது. ஆள் யார், சியானாவிடம் அவனுக்கு என்ன வேலை என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. 

நெவெனா வார்னா போலீஸில் எல்லாவற்றையும் சொன்னாள். அதனால் ரூசேயில் ருமியானாவைச் சாட்சியாக அழைத்தார்கள். ஓர் இளம் அதிகாரி எழுதிக்கொண்டார். சொந்தப் பெயர் கேட்டார், பொய்ப் பெயர் கேட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சிகிட்ட எதுக்கும்மா பொய்ப் பேர்ல பேசினீங்க?"

"பாக்கணும்போல இருந்துச்சு."

அவர் அதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதினார்.

மே மாதம் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஜன்னலில் ஆள் இல்லாத நேரம். ருமியானா பேசும்போது எனக்கும் கேட்டது.

"போலீஸ்ல சொன்னியா?"

"சொன்னேன்."

"மன்னிச்சுட்டேன்னு நெனக்காத."

"நெனக்கல."

"சியானா படம் எதையும் இனிமே போடறதில்ல. பழசையும் எடுத்துட்டேன்."

"நல்லது." ருமியானா சில்லறை டப்பாவை ஓரமாகத் தள்ளினாள். "இப்போ எவ்வளவு உயரம் இருக்கா?"

 பிறகு, "கதவுக் கைப்பிடிக்கு மேல ரெண்டு சாண்" என்றாள் நெவெனா. அதோடு வைத்துவிட்டாள்.

மூன்று நிமிஷம்கூட இருக்காது. அன்று சாயங்காலம் சீட்டு அறையைப் பூட்டும்போது ருமியானா கதவருகே நின்று, கைப்பிடிக்கு மேல் இரண்டு சாண் அளந்து, அங்கே உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். நான் சாவியோடு காத்திருந்தேன்.

எண் அவளிடம் இருந்தது. அவளாகக் கூப்பிடவே இல்லை. "அவ கூப்பிடட்டும்" என்பாள். ஜூன் போயிற்று. ஜூலையில் ஒருநாள், கூட்டத்தில் மணி அடித்தது கேட்காமல், அழைப்பைத் தவறவிட்டாள். அரை மணி கழித்துப் பார்த்துவிட்டுப் பதறினாள். நான் அவள் ஜன்னலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். திருப்பிக் கூப்பிட்டாள்.

எடுத்தது நெவெனா இல்லை.

"அம்மா குளிக்கறாங்க" என்றது சின்னக் குரல். "நீங்க யாரு?"

ருமியானா என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி. நான் சொல்லு, சொல்லு என்று கையை ஆட்டினேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"அம்மா வந்ததும் ரூசேலேர்ந்து ஃபோன் வந்துச்சுன்னு சொல்லு, கண்ணு. நான் யாருன்னு அவங்ககிட்டயே கேளு. அவங்க இஷ்டம் இருந்தா சொல்லுவாங்க."

"சரி" என்று சொல்லிவிட்டுக் குழந்தை கைபேசியை அணைக்காமலே எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டுச் சத்தம் எல்லாம் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தம், ஜன்னலுக்கு வெளியே கடற்காகங்கள், சியானா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு நடக்கிற காலடி.

ருமியானா அதைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒரு மூச்சு நேரம் கேட்டாள். பிறகு அவளே அழைப்பைத் துண்டித்துவிட்டு, சில்லறை டப்பாவுக்குப் பக்கத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்து, வரிசையில் அடுத்து நின்றவரைப் பார்த்து எந்த ஊருக்கு என்று கேட்டாள்.